வட்டைவிதானையின் சாமானைத் திருப்பித் தரக் கோருவது

அனுப்புநர்:
க. நல்லரத்தினம்,
முன்னாள் வட்டைவிதானை,
இலட்சுமிப்பிள்ளையின் வீடு,
குளக்கட்டு வீதி,
உன்னிச்சை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பொருள் அனுமதிப் பிரிவு,
கச்சேரி (மாவட்டச் செயலகம்),
மட்டக்களப்பு.

விடயம்: சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்டுள்ள, புருசனும் பெண்சாதியும் சந்தோசமாக இருப்பதற்கான சாமான் ஒன்றை அழிக்காமல் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகக் கடிதம் கிடைத்தது. நான் வட்டைவிதானையாக, அதாவது குளத்து நீரை வயல்வட்டைகளுக்குப் பங்கிடும் பொறுப்பில் இருந்த காலத்தில் கச்சேரிக்கு எழுதிய மனுக்கள் கொஞ்சநஞ்சமல்ல. யானைவேலி கேட்டு எழுதிய மனுவுக்கு, அந்த யானை செத்து எலும்பும் வெளுத்த பிறகுதான் பதில் வந்தது. இம்முறை என் மனைவி கொடுத்த முறைப்பாட்டுக்கு உடனேயே பதில் வந்திருக்கிறது. விடயம் அப்படிப்பட்டது என்பது எனக்கு விளங்குகிறது. எப்படியிருந்தாலும் நன்றி.

2. அப்பொருளை எவ்வாறு தெரிந்தெடுத்தோம், எவ்வாறு பாவிக்கிறோம், எவ்வாறு பராமரிக்கிறோம் என எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்றும், தராவிட்டால் மாத முடிவில் ஏனைய தடைப்பொருட்களோடு சேர்த்து அது அழிக்கப்படும் என்றும் கடிதத்தில் கூறப்பட்டுள்ளது. கேட்டது நீங்கள். ஆகவே ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். வெட்கப்படுவோர் அலுவலகத்தில் இருந்தால் தயவுசெய்து தாங்களே தனியாக வாசிக்கவும்.

3. முதலில் என் நிலைமை. தொண்ணூற்றாறாம் ஆண்டு பெரும்போகத்தில் வட்டைக்குள் தண்ணீர் பார்த்துக்கொண்டு நின்றபோது பீரங்கிச் செல் ஒன்று வந்து விழுந்தது. எந்தப் பக்கத்துச் செல் என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் பெயர் எழுதியிருக்கவும் இல்லை. துண்டு ஒன்று முதுகெலும்பில் பட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். இப்போது இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பாதிதான். ஆண் என்ற முறையில் என் உடம்பு என் சொல் கேட்பதில்லை. மருத்துவர்கள் இதை ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

4. தாங்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்தவன் அவள் வீட்டுக்கு வந்து இருப்பான். இனி இங்கே இருக்கத் தகுதியில்லை என்று அவனுக்கே பட்டால், உடுப்பை எடுத்துக்கொண்டு தாயின் வீட்டுக்கோ அக்காவின் வீட்டுக்கோ போய்விடுவான். யாரும் துரத்த வேண்டியதில்லை. நானும் அப்படித்தான் பெரியகல்லாற்றிலுள்ள அக்காவின் வீட்டுக்குப் போகவென்று என் தகரப்பெட்டியில் உடுப்பை அடுக்கினேன். வயலும் பார்க்க இயலாது, மற்றதும் இயலாது, எந்த முகத்தோடு இவள் வீட்டுச் சோற்றைத் தின்பது என்பதே என் எண்ணம். என் மனைவி இலட்சுமிப்பிள்ளை அழவில்லை, கெஞ்சவுமில்லை. பெட்டியிலிருந்த சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "நான் உங்கள வயல் பாக்கவா கட்டினன்? இஞ்ச இரிங்க. நான் மிஸ்ஸிட்டக் கேட்டுட்டு வாறன்."

நான் வெட்கத்தால் வாயே திறக்காத ஒரு விடயத்தை அவள் பஸ் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் கேட்டாள், ஐயா. செல் விழும்போது ஓடாமல் நின்ற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடமும் இந்தத் துணிவு இருந்திருக்குமா என்பது சந்தேகம். இப்படியொருத்தி எனக்கு வாய்த்ததைப் பெருமையோடு இங்கே பதிகிறேன்.

5. மிஸ்ஸி என்றது வயலட் மிஸ்ஸியை. மட்டக்களப்புப் பட்டினத்துப் பறங்கியர். முதுகெலும்பில் காயப்பட்டவர்களைப் பராமரிக்கும் தாதி. என் மனைவி கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டு, இது கேட்க வேண்டிய கேள்விதான் தங்கச்சி, கேட்காமல் வீட்டுக்குப் போனவர்கள்தான் அதிகம் என்றாராம். அவருடைய தம்பி பேர்டி அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். ஆண்களுக்கான இவ்வகைச் சாமான்களை அங்கே கடையில் வைத்தே விற்கிறார்களாம். படம் போட்ட புத்தகமும் உண்டு. அதைப் பேர்டி தமக்கைக்கு அனுப்பிவைத்தார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விதைநெல் தெரிந்தெடுப்பதுபோல நானும் மனைவியும் அதிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அதிர்ந்து வேலை செய்யும் வகை ஒன்று இருந்தது. அதற்குப் பற்றரி வேண்டும். எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை என்பதால், சட்டத்தை மதித்து அதைத் தள்ளினோம். இதைத் தாங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். அடுத்தது உறைபோல மெத்தென்று இருக்கும் வகை. மலிவான இறப்பரில் செய்தது கண்ணுக்குத் தெரியாத துளைகளில் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எங்கள் வெக்கைக்குப் பிசுபிசுக்கும், எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது என்று மிஸ்ஸி சொன்னார். சிலிக்கோனில் செய்தது திறம், நன்றாகக் கழுவலாம்; ஆனால் என் குறைக்கு அது மருந்தல்ல. கடைசியில் நாங்கள் எடுத்தது கையால் அழுத்தும் பம்பும், ஒரு குழாயும், சில வளையங்களும்.

குழாயில் கறுப்பு நிறத்தது ஒன்றும் இருந்தது. பார்வைக்கு நல்ல எடுப்பு. எனக்கு அதுதான் பிடித்தது. என் மனைவி விடவில்லை. உணர்ச்சி குறைந்த உடம்புக்கு நோவு தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் அளவு பிடிக்க வேண்டும், ஆகவே கண்ணாடிபோலத் தெளிவான குழாய்தான் வேண்டும் என்று நின்றாள். காற்றைச் சட்டென்று உள்ளே விடும் வால்வும், வளையத்தைப் பிடித்து இழுத்துக் கழற்ற இரண்டு காதுகளும் இல்லாமல் வாங்கக்கூடாது என்பது மிஸ்ஸியின் கட்டளை. வளையம் இறுக்கமாக இருந்தால்தான் நல்லதென்று ஆண்கள் நினைப்பார்களாம். அது பிழை. பெரியதில் தொடங்கி, தேவையென்றால் மட்டும் சிறியதுக்கு இறங்க வேண்டும்.

6. பாவனை. குழாயின் வாயிலும் உடம்பிலும் தண்ணீரில் கரையும் ஜெல் பூச வேண்டும். பிறகு மெதுவாகப் பம்பை அழுத்திக் குழாயிலுள்ள காற்றை வெளியே எடுக்க வேண்டும். குளத்துக் கதவைத் திறப்பதுபோலத்தான்: கொஞ்சம் திறந்து, நின்று பார்த்து, மீண்டும் கொஞ்சம். ஒரேயடியாகத் திறப்பவன் வாய்க்காலை உடைப்பான். நிறம் மாறினாலோ சிவப்புப் புள்ளி கண்டாலோ உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும். இரத்தம் வந்து நிறைந்ததும் அடியில் வளையத்தைப் போட்டுக் குழாயைக் கழற்றலாம். இந்த வேலையை நன்றாக யோசித்துச் செய்த மனிதர் யாரென்று தெரியவில்லை. குளத்துக் கதவுகளோடு மாரடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வால்வு அருமையான வேலை.

வயல் வரம்பில் தண்ணீர் பாய வெட்டும் வாயை நாங்கள் வக்கடை என்போம். வயல் நிறைந்ததும் வக்கடையைக் கட்டுவோம். வளையம் போடுவது அதுதான் என்று என் மனைவி சொன்னாள். மிஸ்ஸிக்கு விளங்கவில்லை, எனக்கு உடனே விளங்கியது. ஆனால் கட்டிய வக்கடையைத் திறக்க மறந்தால் பயிர் அழுகிப்போகும். வளையம் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டு நித்திரையாகவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இச்சாமானைத் தொடவும் கூடாது. எங்கள் வீட்டில் மணிக்கூடு பார்ப்பது என் மனைவியின் பொறுப்பு. நேரம் வந்ததும், "வக்கடய வெட்டுங்க விதானையார்" என்பாள். என்னை இன்னும் விதானையார் என்று கூப்பிடுவது ஊரில் அவள் ஒருத்திதான்.

முதல் தடவை ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த தடவை குழாய் கைவழுக்கி, அறைமுழுக்க உருண்டு, அலுமாரிக்கு அடியில் போய் நின்றது. என் ஊன்றுகோலால் அவள் அதைத் தட்டி எடுக்கப் பார்க்க, அது இன்னும் உள்ளே போக, இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். நான் காயப்பட்ட பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரிப்புத்தான் முதலில் திரும்பி வந்தது, ஐயா. மற்றது ஆறுதலாக வந்து சேர்ந்தது.

7. பராமரிப்பு. ஒவ்வொரு தடவையும் பாவித்த உடனே கழுவ வேண்டும், பிறகு பார்ப்போம் என்று வைக்கக்கூடாது. பம்பைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அதை நனைத்தால் கெட்டுப்போகும், ஈரத் துணியால் துடைத்தால் போதும். குழாயையும் வளையங்களையும் இளஞ்சூட்டு நீரில், குழந்தைகளுக்குப் போடும் மெல்லிய சவர்க்காரத்தால் கழுவி, சவர்க்காரம் ஒட்டாமல் அலச வேண்டும். கொதிநீர் கூடாது, குழாய் வெடிக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரினும் கூடாது. நல்ல துணியில் வைத்து நிழலில் காயவிட்டு, ஈரம் துளியும் இல்லை என்று கண்ட பிறகே பைக்குள் வைக்க வேண்டும். வெடித்த வளையத்தை எறிந்துவிட வேண்டும். யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது. ஊரில் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கழுவுவதை நான் செய்கிறேன். சமைப்பதும் வயலுக்குப் போவதும் அவள். இதையாவது நான் செய்ய வேண்டும்.

8. ஒரு பிழை நடந்தது. கொண்டுவந்த ஜெல் முடிந்துபோக, என் மனைவி சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள். தலைக்கும் அதுதான், புண்ணுக்கும் அதுதான், எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் ஆகாத இடம் இல்லை. காற்று ஒழுகாமல் பம்புக்குள் பூட்டியிருக்கும் இறப்பர் வாருக்கு அது ஆகாது. சில கிழமைகளில் வார் ஊதிப்போய்க் காற்று ஒழுகத் தொடங்கியது. மிஸ்ஸி ஏசினார். பேர்டி புதிய வார் அனுப்பினார். அதை மாட்டுவிக்கத்தான் என் மனைவி சாமானோடு பட்டினத்துக்குப் போனாள். திரும்பி வரும்போதுதான் அது பறிபோனது.

9. பேர்டி அனுப்பிய சாமானை மிஸ்ஸியிடமிருந்து முதன்முதல் கொண்டுவந்த நாளில் சாவடியில் நின்றவர் வயதான ஒரு சார்ஜன். அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், போகச் சொன்னார். அவர் கலியாணம் முடித்தவராக இருக்க வேண்டும். இம்முறை நின்றவர்கள் இளம் ஆட்கள். குழாயையும் பம்பையும் வளையங்களையும் கண்டு, இயந்திரப் படகின் உதிரிப்பாகம் என்று சந்தேகப்பட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். என் மனைவிக்குச் சிங்களம் தெரியாது. "இது என்ட அவர்ட சாமான்" என்று சொல்லியிருக்கிறாள். பொருள் என்ற கருத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் உள்ள மற்றக் கருத்து சிங்களத்திலும் உண்டென்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. இத்தனை வருடச் சண்டைக்குள்ளும் இரண்டு பாசையும் ஒத்துப்போன சொல் அது. சிப்பாய்கள் சிரித்தார்கள். வரிசையில் நின்ற எங்கள் ஆட்களும் சிரித்தார்கள்.

வரிசையில் நின்றவர்களில் ஓட்டமாவடிப் புடைவை வியாபாரி ஜனாப் சாலிஹ் அவர்களும் ஒருவர். இரண்டு பாசையும் தெரிந்தவர். சிப்பாய்கள் கேட்ட மற்றக் கேள்விகளை மொழிபெயர்க்கச் சொன்னபோது, இதை அந்தத் தங்கச்சியிடம் கேட்க என் வாய் வராது என்று மறுத்துவிட்டார். என் மனைவியோ தலை குனியவில்லை. அவர் பிற்பாடு என்னிடம் சொன்னபடி, அவள் கேட்டது இது: "ஓம், அவர்ட சாமான்தான். செல் பட்டுக் கிடக்கு. இதையும் நீங்க எடுத்தா நான் என்னத்தக் கொண்டு போற?" இதை மட்டும் சாலிஹ் அவர்கள் மொழிபெயர்த்தார். சிரிப்பு நின்றது. ஆனால் அட்டைப்பெட்டி திரும்பிவரவில்லை. பற்றுச்சீட்டில் "சாமான் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

10. இம்மனுவை முதலில் எழுதியபோது, விடயம் என்ற இடத்தில் "மருத்துவ உபகரணம்" என்று போட்டிருந்தேன். மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். வாசித்துக் காட்டியதும் என் மனைவி வெட்டச் சொன்னாள். "நோய்ச் சாமான் எண்டு எழுதாதீங்க. நாம நோயாளியா? நம்மட சந்தோசத்துக்கு எண்டு எழுதுங்க." நான் எத்தனையோ மனு எழுதியவன். இவ்வளவு சரியாக ஒரு விடயத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆகவே அவள் சொன்னபடியே மேலே எழுதியிருக்கிறேன்.

11. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சாமானை என் மனைவியின் கையில், அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாரும் சிரிக்காமல் கொடுக்க வேண்டும். இனிமேல் கொண்டுபோய்வர ஒரு அனுமதித் துண்டு தரவேண்டும். சாவடியில் யாராவது அதைப் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அவர் பெயர் தேவையில்லை, விடயத்தை மட்டும் தெரிவிக்கவும். புதிய வளையங்களுக்குப் பேர்டிக்கு எழுத வேண்டும்.

12. இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். சாமான் பறிபோன கிழமை எனக்குப் பழைய எண்ணம் வந்தது. அவள் வயலுக்குப் போயிருந்த நேரம், உடுப்பை அடுக்கவென்று என் தகரப்பெட்டியைத் திறந்தேன். அது நிறைய விதைநெல் இருந்தது. வீட்டில் சாக்குக்குக் குறைவில்லை, ஐயா. தெரிந்துதான் அவள் அதில் கொட்டி வைத்திருக்கிறாள். பெட்டியை மூடிவிட்டுச் சோறு தின்றேன்.

மழை தொடங்கினால் விதைப்பு வரும். அப்போது பெட்டி வெறுமையாகும். அதற்கு முன் தயவுசெய்து சாமானைத் தந்துவிடுங்கள்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்) இலட்சுமிப்பிள்ளை
வீட்டுக்காரி

(ஒப்பம்) க. நல்லரத்தினம்
மேற்படி வீட்டில் இருப்பவன்

இடம்: உன்னிச்சை
திகதி: 14.09.1999