மெடோலார்க் இறக்கையின் உள்ளே

விச்சிட்டா, கான்சாஸ்
3 ஏப்ரல் 1978

நிறுவன வரலாற்றுக் குழுவின் பெருமக்களே!

குழு என்பது நீ ஒருத்திதான், மேபல். தொழிற்சங்க மேடையில் பழகிய நாக்கு வேறெப்படித் தொடங்கும்? ஹார்க்னஸ் வானூர்தி நிறுவனத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் படித்தேன். கொட்டகையில் பிறந்தது, போரில் வளர்ந்தது, கிழக்குக் கரைப் பணக்காரர் கைக்கு மாறியது, யாவும் செம்மை. மூன்றாம் இயலோ அநீதி! 1931இல், வேலையற்றோர் வரிசை தெருவை அடைத்த ஆண்டில், மெடோலார்க் வானூர்தி பந்தயத்தில் வென்று நிறுவனத்தைக் காத்தது. அதை முதலாளி 'தம் இரு கைகளால்' கட்டினாராம்! மரச்சட்ட இறக்கைக்குத் துணி தைத்துப் போர்த்திய ஆறு பெண்களின் பன்னிரண்டு கைகள் எங்கே? அவற்றுள் இரண்டு என் மனைவி வெர்னாவுடையவை.

துணி போர்த்துமுன், உழைத்தவர் மட்டும் உள்ளே மரச்சட்டத்தில் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். வரவேற்பறையில் தொங்கும் அந்த இறக்கையைத் திறந்து பார்.

அன்புடன்,
ஓர்வில் டெக்கர்

11 ஏப்ரல் 1978

அன்புள்ள ஓர்வில்,

துணி இற்றிருந்ததால் நிறுவனத் தலைவர் இசைந்தார். "ரிட்டயர் ஆகியும் அந்த மனுஷன் நம்மள விடமாட்டாரா?" என்று சிரித்தார்.

திறந்தோம். ஹெட்விக், ஐடா, வெர்னா என ஆறு பெயர்களும் பென்சிலில் பளிச்சென்று இருக்கின்றன. சிக்கல் ஏழாவது பெயர். அது உங்களுடையது! ஆலை வாயிலில் சங்கம் சேர்க்க முழங்கியதற்காக அவ்வாண்டு நீங்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தீர்களே? "ஒரு பேரு தப்புன்னா மத்ததை எப்படிம்மா நம்புறது?" என்கிறார் தலைவர். வெள்ளிக்கிழமை நூல் அச்சுக்குப் போகிறது. விளக்கம் வராவிட்டால் பழைய இயலே நிற்கும்.

உங்கள்,
மேபல் ஸ்ட்ரிங்ஃபெலோ

12 ஏப்ரல் 1978

அன்புள்ள மேபல்,

கடிதத்துடன் அடுக்களைக்கு ஓடினேன். வெர்னா ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"என் பேரை நீதான் எழுதினியா?"

"ஆமா. ஆலைக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு உன்னைத் துரத்தினாங்க. கால்தானே வைக்கக் கூடாது? பேரை வெச்சேன்."

"நாற்பத்தேழு வருஷமா ஏன் சொல்லல?"

"நீ எங்க என்னைப் பேசவிட்ட?"

பார்த்தாயா, மேபல்! என்னைத் துரத்திய முதலாளி, என் பெயரைச் சுமந்த இறக்கையால்தான் பந்தயத்தில் வென்றிருக்கிறார். இதைவிட எனக்கென்ன வேண்டும்? ஆனால் நான் ஒரு தையலும் போட்டவனல்லன். உழைக்காதவன் பெயர் உழைத்தவர் பட்டியலில் நிற்கலாகாது. இதை நானே மேடைதோறும் சொன்னேன்.

நடந்தது இதுவே என்று வெர்னாவும் கீழே ஒப்பமிட்டிருக்கிறாள். தலைவரிடம் காட்டு. ஏழாம் பெயரை நூலில் சேர்க்காதே. ஆறு பெண்களின் பெயரையும் முழுமையாக அச்சேற்று. வெள்ளி வரை காத்திராதே. இன்றே, இப்பொழுதே அச்சகத்துக்குப் புறப்படு!

ஓர்வில் டெக்கர்
வெர்னா டெக்கர்