பெயரை மாற்றாத ஒப்படை

செவ்வாய், இரவு.

மண்சரிவு பற்றிய அசைன்மென்ட் ஒப்படையை நாளைக்குக் கொடுக்க வேண்டும். அறைத்தோழி பர்சானா, போன வருஷம் ஓர் அக்கா எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

“பேரை மட்டும் மாத்துடி. திருத்துற சேருக்குத் தெரியாது.”

தெரியாதுதான். வாசித்தேன். ‘லயத்து மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை’ என்று இருந்தது. தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் மண்ணோடு சரிந்தபோது அப்பா உள்ளேதான் இருந்தார். அந்த வரிக்கு என் பெயரைப் போட முடியவில்லை.

“பயமா?”

“இல்ல.”

“நம்ம பெட்ச்சுல முக்காவாசிப் பேர் இப்படித்தான். மீதிப் பேர் ஏன்டி சும்மா கஷ்டப்படுறீங்க?”

மற்றவர்களுக்கு என்ன காரணமோ. என்னுடையதை நான் சொல்லவில்லை. அவள் பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அழுகை வரவில்லை. கை மட்டும் எழுதியது. ‘காரணங்கள்’ என்று தலைப்புப் போட்டேன். கீழே, எச்சரிக்கையை யாரும் வந்து சொல்லவில்லை என்று எழுதினேன்.