பலகையில் மூன்றாவது வரி

லாறுவே, ஒன்ராறியோ
மார்ச் 3, 2025

அன்பு மகள் அட்சயாவுக்கு,

நானும் கடையும் சுகம். போனில் நீ "ஓம் அப்பா" என்பதற்கு மேல் பேசமாட்டாய். அதனால் வழமைபோல் எழுதுகிறேன்.

பனிப்புயலில் கடையின் பெயர்ப்பலகை உடைந்துவிட்டது. புதிதாக மாட்டுவதென்றால், இந்த ஊர்ச் சட்டப்படி ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பலகையையும் பெரிதாக்க விடமாட்டார்கள். பழையதில் இருந்ததுபோல் யோகராணி என்று அம்மாவின் பெயரைத் தமிழில் எழுத இடம் மிஞ்சாது. இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பலகையில் இருந்து போகும் பாசை பிள்ளைகளின் வாயில் இருந்தும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியாததா?

மூன்றாவது வரிக்கு ஒரு சாண் இடம் கேட்டு ஏப்ரல் 14ஆம் திகதி நகரசபையில் ஐந்து நிமிடம் பேசலாம். அவர்களின் பாசையிலேயே கேட்டால் மனம் இரங்குவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பிரெஞ்சு படிக்கிற என் மகள் வந்து பேசுவாள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அம்மா செத்த வருடம் தொடங்கிய கடை, பிள்ளை. வா.

அன்புடன் அப்பா,
குலசிங்கம்


டோர்செட் பார்க், ரொறன்ரோ
மார்ச் 20

அன்புள்ள அப்பா,

வருகிறேன். ஒரு பக்கம் பிரெஞ்சில் எழுதிவிட்டேன். குளியலறையில் கண்ணாடி முன்னால் வாசித்துப் பழகுகிறேன். நேற்றுப் பெரியம்மா கதவைத் தட்டி, "ஆரோட கதைக்கிறாய்? உள்ளுக்கு நகரசபையே இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தா.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
அட்சயா


லாறுவே
ஏப்ரல் 15

மகள்,

உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பெரியம்மா சொன்னா. அதுவே போதும்.

எங்கள் முறை வந்தபோது, மகள் பஸ்ஸில் வருகிறாள் என்றேன். நல்ல மனிதர்கள், எங்களைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். பக்கத்துக் கடை றோய், "என்ன குலம், உன்ர மகள் இளவரசியோ, சபையையே காக்க வைக்கிறாள்" என்று பகிடி விட்டான். நானும் சிரித்தேன். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எழும்பி, ஆங்கிலத்தில் "என் மனைவியின் பெயர்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

கூட்டம் முடிந்துவிட்டது. ஏன் வரவில்லை?

அப்பா


டோர்செட் பார்க்
ஏப்ரல் 22

அப்பா,

பஸ் வரை போனேன். எந்த ஊருக்கு என்று சாரதி கேட்டதற்கே எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அத்தனை பேர் முன்னால் எப்படிப் பேசுவேன் என்று திரும்பிவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்பா. போன வருடம் தொடக்கத்திலேயே நின்றுவிட்டேன். வகுப்பில் எழும்பி நின்று பேசச் சொன்ன ஒவ்வொரு நாளும் கழிவறையில் போய் ஒளித்துக்கொள்வேன். இப்போது பேக்கரியில் பாண் பொதி செய்கிறேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. நானே உங்களுக்குச் சொல்கிறேன் என்று கெஞ்சியதால்தான் பெரியம்மா வாய் திறக்கவில்லை. அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தை நூலக அகராதியை வைத்து எழுதினேன்.

நீங்கள் கேட்டபோதே முடியாது என்று எழுதியிருந்தால், வேறு யாரையாவது கூட்டிப் போயிருப்பீர்கள். வருகிறேன் என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

என்னை மன்னியுங்கள்.

அட்சயா


லாறுவே
மே 11

அட்சயா,

புதுப் பலகை மாட்டியாயிற்று. இரண்டு வரி. உடைந்த பலகையில் அம்மாவின் பெயர் இருந்த துண்டை அறுத்து, உள்ளே சமையலறைக் கதவுக்கு மேலே வைத்திருக்கிறேன். உள்ளே எந்தப் பாசையில் எழுதினாலும் சட்டம் இல்லையாம். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வாசித்தேன். பள்ளிக்கூடம், சோதனை, சிநேகிதிகள் எல்லாவற்றையும் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். நானும் நம்பி, கடைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். உன் குரலைக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். போனில் நீ பேசாததைச் சாட்டாக வைத்து, நானும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே, பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுப் போன் எடுப்பேன். ஒன்றும் சொல்ல வராவிட்டால், வைக்காமல் பிடித்துக்கொண்டிரு.

அப்பா