புதன்கிழமைப் படமும் பெரிய திரைக்காரரும்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து தூறல். எதிர்மேடு தெரியவில்லை. துணி காயவில்லை. முட்டிவலித் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

இன்று படம் பார்க்கிற நாள். பன்னிரண்டு வருடமாகப் புதன் மதியம் என்றால் ஜாபர் பாய் வருவார். சனி, ஞாயிறு டூரிஸ்ட் கூட்டம், கடையை விட்டு நகர முடியாது. புதன்தான் ஏற்காடு கடைவீதியில் ஈ ஓட்டுகிற நாள். குடை, ஸ்வெட்டர், குல்லாய்க் கடையை மருமகன் பொறுப்பில் விட்டுவிட்டு, மதிய லுஹர் தொழுகை முடித்து, ஸ்கூட்டரில் வெள்ளக்கடை கிராமத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். சாயங்கால அஸர் தொழுகைக்குத் திரும்பிவிட வேண்டும். இரண்டு தொழுகைக்கும் நடுவில் அடங்குகிற நீளத்தில்தான் டிஸ்க் வாங்குவேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன், நேரக்கணக்கு தப்பாது.

வேர்க்கடலை வறுத்தாயிற்று. டிஸ்க் போட்டு, முதல் வேலையாக அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தை அணைத்தேன். எப்போதுமே அதுதான் முதல் வேலை. தமிழ்ப் படத்துக்கு எதற்கு இங்கிலீஷ் எழுத்து? நடிக்கிறவர் தாடையை மறைத்துக்கொண்டு.

ஒன்றே முக்காலுக்கு ஸ்கூட்டர் சத்தம். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வண்டி நிற்கவில்லை. பச்சை ரெயின்கோட், அவரேதான். நேராக மேலே போய்விட்டது. மேலே அந்தப் பெங்களூர்க்காரர் வீட்டைத் தவிர வேறு வீடு கிடையாது.

மனைவி சரோஜா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "பெரிய ஊட்டுக்காரரு சினிமா பாக்கக் கூப்பிட்டிருக்காருன்னு பாய் போன வாரமே கடையில சொன்னாருங்க. செவுரு அகலத்துக்குத் திரையாமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மூஞ்சிய இப்படித்தான் வெச்சுக்குவீங்கன்னுதான்."

தனியாகப் பார்த்தேன். இடைவேளை வரைக்கும். கடலை முழுவதும் நானே தின்றேன். வயிறு சரியில்லை.

இனி அவர் பெயரை முழுதாக எழுதப் போவதில்லை. ஜா. போதும். மேல்வீட்டுக்காரருக்குப் பெயரே கிடையாது. பெ.தி. பெரிய திரை.

ஜூலை 10, வியாழன்

தைலம் வாங்க பஸ்ஸில் ஏற்காடு. ஏரி ரோட்டில் முன்னால் ஜா. நடந்து போகிறார். "பாய்!" என்றேன். திரும்பவில்லை. "ஜாபர் பாய்!" பழம் விற்கிற அம்மா திரும்பிப் பார்த்தாள், இவர் திரும்பவில்லை. பின்னாலேயே ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, அதற்கும் ஒதுங்கவில்லை. ரோடே தனக்குத்தான் என்ற நினைப்பு. பெரிய இடத்துச் சகவாசம் வந்தால் நடையே மாறிவிடும் போல.

எட்டி நடந்து போய்த் தோளைத் தொட்டேன். முகமெல்லாம் சிரிப்பு. "அட, ரைட்டருங்களா! வாங்க வாங்க, டீ சாப்புடுவோம்." ஒன்றுமே நடக்காத மாதிரி.

டீக்கடையில் நேராகவே கேட்டேன், நேற்று என்ன ஆச்சு என்று. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவரு நொம்ப நாளாக் கூப்பிட்டுட்டே இருந்தாருங்க. தட்ட முடியலை."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க ரைட்டரே. நொம்ப நாளைக்கப்புறம் ஒரு படம் முழுசாப் புரிஞ்சுது."

புரிந்ததாம். அப்படியானால் நான் போட்டதெல்லாம்? புரியாமலா என் கடலையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்? டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். தைலம் வாங்க மறந்துவிட்டது.

ஜூலை 12, சனி

மூடுபனி. டூரிஸ்ட் கார்கள் லைட் போட்டுக்கொண்டு ஊர்கின்றன.

பெ.தி. பற்றி சரோஜா (இனி ச.) விசாரித்து வந்தது:
ரிட்டயர்டு. பெங்களூரில் ஏதோ கம்பெனி.
மனைவி இல்லை. மகள் வெளிநாடு.
சோபா சாய்கிறதாம், காலும் நீட்டலாமாம்.
எல்லா வகைப் படமும் இருக்கிறதாம்.

கடைசி வரியில்தான் விஷயம். என்னிடம் நாற்பத்திரண்டு டிஸ்க். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு குடும்பப் படம். தாய் மகன், அண்ணன் தங்கை, பிரிந்து சேர்வது, சேர்ந்து பிரிவது. எனக்கு அழப் பிடிக்கும், அதனால் வாங்கினேன். வாரா வாரம் ஒரே குழம்பை ஊற்றினால் விருந்தாளி பக்கத்து வீட்டுப் பந்தியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

தீர்மானம்: எல்லா வகையிலும் வாங்குவது. காமெடி, பேய், போலீஸ், சண்டை, சாமி படம், டப்பிங். எழுதினேன். எதெது ஜா.வுக்குப் பிடிக்கும் என்று பக்கத்தில் டிக் போடப் பேனாவை எடுத்தேன்.

தெரியவில்லை. அவர் டீக்கு எத்தனை சர்க்கரை என்று தெரியும். எந்தக் காலில் ஆணி என்று தெரியும். எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் போட்டேன், அவர் பார்த்தார். யோசித்ததில் ஞாபகம் வந்தது ஒன்றுதான்: சண்டை வந்தால் நிமிர்ந்து உட்காருவார். நாலு பேர் கூடிப் பேசுகிற இடம் வந்தால் தூங்கிவிடுவார். இதுவும் இரண்டு வருடமாகத்தான். அதற்கு முன் தூங்க மாட்டார். அப்போதே அலுத்துவிட்டது போல, எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சேலம். மெயின் ரோட்டில் மரம் விழுந்துவிட்டதாம், பஸ் குப்பனூர் வழி. குமட்டல்.

டிஸ்க் கடைக்காரர், "எந்த மாதிரிப் படமுங்க?"

"எல்லா மாதிரியும்."

ஏற இறங்கப் பார்த்தார். "கடை வெக்கப் போறீங்களா?"

"இல்லீங்க. ஒருத்தருக்கு."

"ஊட்டம்மாவுக்குங்களா?"

பில் போடச் சொன்னேன். வாங்கியவை:

காமெடி 3. ஒன்றில் இரண்டு மாப்பிள்ளை, ஒரு மாமனார். அட்டையில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், நல்ல படமாகத்தான் இருக்க வேண்டும்.
பேய் 2. பங்களா, நம் எஸ்டேட் பங்களா மாதிரியே. வாசலில் சில்வர் ஓக் கூட.
போலீஸ் 1. இன்னொன்றில் கொலைகாரன் யாரென்று அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது, வைத்துவிட்டேன்.
சண்டை 3. ரயில் கூரைமேல், லாரிமேல், ஒன்று தண்ணீருக்குள்.
சாமி படம் 1. ஜா.வுக்கு எதற்கு என்று யோசித்தேன். முன்பு ஒன்று போட்டபோது, "அந்தப் பாம்பு நல்லா நடிச்சுதுங்க" என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டேன்.
டப்பிங் 2. கடலுக்கடியிலிருந்து ஏதோ பெரிசாக வருகிறது.

கை தானாக ஒரு குடும்பப் படத்தையும் எடுத்தது. திரும்ப வைத்தேன்.

பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ஒரு படபடப்பு. அறுபத்தைந்து வயதில் இது தேவையா?

ஜூலை 15, செவ்வாய்

அடுக்கினேன். ஒரு தட்டுக்கு ஒரு வகை. எஸ்டேட்டில் வேலைக்கு வந்த ஆள் பேர் எழுதுகிற மாதிரி நோட்டில் கட்டம் கட்டி, வரிசை எண், வகை, ஓடும் நேரம். சிவப்பு மையில் தலைப்பு.

ச. வந்து பார்த்தாள். "எனக்கு எது புடிக்கும்னு ஒரு கட்டம் போட்டீங்களா?"

போடவில்லை.

"ஏனுங்க, காதுல பொக வருதுங்க. சன்னலைத் தொறந்து உடட்டுமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் மேலேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பெ.தி.யின் ஸ்பீக்கர். மலை முழுக்கக் கேட்கட்டும் என்றுதான்.

ஜூலை 16, புதன்

வந்தார்! வண்டி நின்றது.

அலமாரியைக் காட்டினேன். "அடேங்கப்பா! எனக்காகவுங்களா ரைட்டரே?" என்றார். "சும்மா, எனக்குத்தான்" என்றேன்.

காமெடி எடுத்தார், இரண்டு மாப்பிள்ளை. டிஸ்க் போட்டேன், எழுத்தை அணைத்தேன்.

"இதுல எழுத்து வருமுங்களா?"

"வரும். அணைச்சுட்டேன், தொந்தரவு பண்ணாது."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

முதல் ஜோக்குக்குச் சிரித்தேன், எனக்குப் பின்னால் அவர் சிரித்தார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதில்தான் கவனித்தேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சிரித்தால் சிரிக்கிறார். சோதித்துப் பார்க்கலாம் என்று, மாமனார் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கக் கிடக்கிற இடத்தில் வேண்டுமென்றே சிரித்தேன். அதற்கும் சிரித்தார், தொடையைத் தட்டிக்கொண்டு.

கேலி செய்கிறார். சாய்கிற சோபா கண்டவருக்கு என் மர நாற்காலியும் நானும் கேலியாகப் போய்விட்டோம்.

இடைவேளையில் எழுந்துவிட்டார். "கடையில ஆளில்லீங்க." மருமகன் இருப்பது எனக்குத் தெரியாதா? வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே. அதுவரைக்கும் சரி.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தூக்கமில்லை. மூட்டமான காலை.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று நேரில் பார்த்துவிட முடிவு செய்தேன். வெறுங்கையோடு போக முடியாது. நம் மரத்துப் பட்டர் ஃப்ரூட் நாலு.

பெ.தி. அவரே கதவைத் திறந்தார். "ரைட்டர் சார்தானே? வாங்க வாங்க. ஜாபர் பாய் வந்தா உங்க பேச்சுதான்." காப்பி அவரே போட்டார். டம்ளரை இரண்டு கையாலும் கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திரை உண்மையாகவே சுவர் அகலம். ஏதோ படம் பாதியில் நின்றிருந்தது. அடியில் இங்கிலீஷ் எழுத்து, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு, மஞ்சளாக. ஜா. கான்வென்ட்டில் படித்தவர், கடகடவென்று படிப்பார்.

"எழுத்து எதுக்குங்க இவ்வளவு பெரிசா?"

"பாய்க்காகத்தான்."

"பாய்க்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

வலது காது சுத்தமாகக் கேட்காதாம். இடது பாதி. இரண்டு வருடமாக. டாக்டர் மெஷின் மாட்டச் சொல்லியிருக்கிறாராம், ஜா.தான் தள்ளிப்போடுகிறாராம். "சாரி சார். உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

காப்பியைக் குடித்து முடித்தேனா என்று ஞாபகமில்லை.

இதை யாரும் படிக்கப் போவதில்லை, உள்ளதையே எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. இந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. அதுதான் முதலில் வந்தது. காது போனது இரண்டாவதாகத்தான் வலித்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஜீப் ஹாரன். டீக்கடையில் என் வாயைப் பார்த்தது. நாலு பேர் பேசினால் தூக்கம். எழுத்து வருமா என்று கேட்டது. இரண்டு வருடமாக வாரா வாரம் நான் அணைத்தது. அந்த ஆஸ்பத்திரிக் காட்சி. நான் சிரித்தால் சிரிக்கிற இடம்தான் என்று நம்பிச் சிரித்திருக்கிறார் மனுஷர்.

ச.விடம் சொன்னேன். ராத்திரிக்கு நான் சாப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கடைக்குப் போனேன். ஜும்மா தொழுகை முடிந்து வந்திருந்தார். கண்ணுக்கு நேராகப் போய் நின்றுகொண்டு கேட்டேன். "எத்தனை நாளாக் காது கேக்கலீங்க?"

கையில் இருந்த குல்லாயை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பெரிய ஊட்டுக்காரரு சொல்லிட்டாருங்களா."

"அவருகிட்டச் சொல்லத் தெரிஞ்சுதல்ல? எங்கிட்ட?" சத்தமாகப் பேசியிருப்பேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவரு புதுசுங்க ரைட்டரே. நான் முன்னாடி எப்படி இருந்தேன்னு அவருக்குத் தெரியாது. அவருக்கு நான் ஒரு காது கேக்காத ஆளு, அவ்வளவுதான். உங்களுக்கு அப்படி இல்லீங்களே. உங்ககிட்டச் சொன்னா பழைய ஜாபரு போயிட்டான்னு ஆயிருமுங்க."

குல்லாயை அடுக்கில் வைத்தார்.

"அதுவுமில்லாம, தெரிஞ்சா நீங்க படத்தை நிறுத்தி நிறுத்தி வெளக்கம் சொல்லுவீங்க."

உண்மைதான், சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது ஒரு குடை வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. தைலமும் வாங்கினேன்.

ஜூலை 23, புதன்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

ஜாபர் பாய் வந்தார். புதுத் தட்டுகள் பக்கம் போகிறவரைத் தடுத்து, பழையதில் ஒன்றை எடுத்தேன். போன வருடம் சேர்ந்து பார்த்த குடும்பப் படம். முகம் வாடிவிட்டது அவருக்கு. தூங்கத் தயாராகத் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். எழுத்தை அணைக்கவில்லை. தாடையை மறைக்கத்தான் செய்கிறது. எரிச்சலாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் பழகிவிட்டது.

அவர் தூங்கவில்லை. துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே ஸ்டேஷன் காட்சியில் எனக்கு வழக்கம்போல் கண் நிறைந்தது. அவர் என் கையைப் பிடித்தார்.

"ரைட்டரே, இந்தம்மா செத்துப் போச்சுங்களா?"

"ஆமாங்க."

"யா அல்லா. போன தடவை பாத்தப்ப ஊருக்குப் போயிருச்சுன்னு நெனச்சேனுங்க. நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்க. ஊருக்குப் போனதுக்கா இந்த மனுசன் இப்படி அழுவறாருன்னு..."

முடிக்கவில்லை, அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். துண்டு ஒன்றுதான் இருந்தது. ச. இன்னொன்று கொண்டுவந்து போட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க உங்க படம் பாக்கறது" என்று போனாள்.

முடிந்தபோது அஸருக்குப் பத்து நிமிடம். செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் பேய் போடுங்க. எனக்குப் பேய்தான் புடிக்கும், எப்பவுமே" என்றார். நோட்டில் டிக் போட்டேன். பன்னிரண்டு வருடம் கழித்து முதல் டிக்.

வண்டியில் உட்கார்ந்த பிறகு திரும்பினார். "அந்தப் பெரிய ஊட்டுக்காரரு தனியாத்தான் உக்காந்து பாக்கறாருங்க, பாவம். அடுத்த புதன் அவரையும் கூப்பிட்டுக்குவமுங்களா?"

எனக்குக் கேட்கவில்லை. டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்போதும் கேட்கவில்லை.