சிரட்டையும் வெந்நீர் ஊற்றும்

அருமனை,
ஞாயிறு காலை

அன்புள்ள ஷாஜன் அத்தானுக்கு,

லிஜி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் குட்டியும் சுகம். லடாக் குளிரில் உங்கள் நெஞ்சுச்சளி எப்படியிருக்கிறது? அங்கே டவர் இல்லாததால், லீவு முடிந்து நாளை இரணியலில் ரயிலேறும் உங்கள் முகாமில் துளை போடும் டிரில்லர் ஜேசுதாஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பலாச்சுளை வறுத்த சக்க வத்தலும் இருக்கிறது. ஆனால் முதலில் கடிதத்தைப் படியுங்கள். விஷயம் பிடிபட்டுவிட்டது, அத்தான்!

பிரசவ லீவில் வந்தும், பூமிக்கடியில் வெந்நீர் தேடும் நம் வேலை என்னை விடவில்லை. நாம் சேர்ந்து வரைந்த நிலத்தடிப் படத்தில் வெந்நீர் ஊற்றுக்கு நேர் கீழே, அடுப்பு மாதிரி, சூட்டை வைத்தோம். அங்கே துளைத்தால் மேலே கொதித்தது, ஆழம் போகப் போக ஆறியது. ஏனென்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

நேற்று விடியலில் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே நடந்தேன். பால்வெட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. பட்டையின் சாய்ந்த கீறல் வழியே பால் மேலிருந்து ஓடிவந்து சிரட்டையில் சொட்டியது. சிரட்டைக்கு அடியில் யாராவது பால் தேடுவார்களா? நாம் அதைத்தானே செய்தோம்! அங்கேயே கூவிவிட்டேன். "ஏட்டி, பச்சப்பிள்ளைய வச்சிட்டு பனியில நின்னு கூவுதியா?" என்று அம்மா ஏசினாள்.

ஊற்று வெறும் சிரட்டைதான். வெந்நீர் சரிவின் மேலே எங்கோ எழும்பி, சாய்ந்த வெடிப்பு வழியே பக்கவாட்டில் ஓடிவருகிறது. அது ஓடும் பாறைக்குக் கீழே குளிர்ந்த பாறை. அதனால்தான் ஆழத்தில் ஆறியது. மேற்குச் சரிவில் பனி ஒட்டாத திட்டு ஒன்று உண்டு என்றீர்களே, எழும்புமிடம் அதுவாகத்தான் இருக்கும். புதுப் படம் இதோடு இருக்கிறது. ஓரத்துக் கறை உங்கள் மகள் கக்கியது.

மேலாளர் அடுத்த துளையையும் ஊற்றின் பக்கத்திலேயே போடச் சொல்கிறாராம். அதுவும் ஆறினால் முகாமை மூடிவிடுவார்கள் என்று ஜேசுதாஸ் அண்ணன் சொன்னார். விடாதீர்கள். துளை போடும் ரிக்கை அங்கே நிறுத்துவதற்குள் அந்தத் திட்டில் மண்ணின் சூட்டை அளந்து அவர் முன்னால் வையுங்கள். நான் நினைப்பது தப்பென்றால் அதுவே சொல்லிவிடும்.

சர்ச்சில் ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்கிறார்கள். அப்பா வரட்டும் என்றே சொல்லி வருகிறேன். வெந்நீர் கிடைத்த பிறகுதான் ஊருக்கு என்று நீங்கள் சொல்லிப் போனதால்தான், நேற்றிலிருந்து எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கர்த்தர் உங்கள் கையோடு இருக்கட்டும். கிடைத்தால் சத்தம்போட்டுக்கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வந்துவிடுங்கள், அத்தான். நீங்கள் இன்னும் தூக்காத பிள்ளைக்குப் பல் முளைக்கிறது.

வாசலைப் பார்த்திருக்கும்,
லிஜி