குலுக்கக் கூடாத குப்பி

பிப்ரவரி 4

இரண்டாம் குப்பியும் கெட்டியாகிவிட்டது. சாய்த்தால் கூழ் மாதிரி நகர்கிறது, ஊசிக்குள் ஏறவில்லை. குழந்தை உண்டாவதற்காகத் தினமும் போட்டுக்கொள்ளும் பெப்டைடு ஊசி மருந்து, புரதம் மாதிரி ஒன்று. தூளாகத் தருவார்கள், கூட வரும் நீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்துப் போட வேண்டும். கெட்டியானதைப் போடக் கூடாதாம். தூக்கிப் போட்டேன். அழவில்லை. அழுதால் கணவர் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பார், அவரையும் சமாளிக்க வேண்டும்.

பிப்ரவரி 5

மருந்துக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"ஃப்ரீசர் பக்கத்துல வச்சீங்களா?"

இல்லை, நடுத் தட்டு.

"கலக்கறப்ப குலுக்கினீங்களா?"

உள்ளங்கையில் உருட்டித்தான் கரைத்தேன்.

"அப்ப அடிக்கடி வெளிய எடுத்திருப்பீங்க. சூடு, குளிர், ஆட்டம்னு மாறி மாறிப் பட்டா மருந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா. அப்புறம் பிரியாது."

ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

மூன்றாவதுதான் கடைசி. இதுவும் போனால் இந்த முயற்சியே போச்சு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை. அதை வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

புதுக் குப்பி கலக்கினேன். ஃபிரிட்ஜைக் கொஞ்ச நேரம் முறைத்தேன்.

பிப்ரவரி 8

தலைவலி, அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சமையலறையில் கணவர், கையில் குப்பி. வெளிச்சத்தில் பிடித்து ஒரு குலுக்கு. காதருகே வைத்து இன்னொரு குலுக்கு.

"என்ன பண்றீங்க?"

"கெட்டியாயிடுச்சான்னு பாக்கறேன்."

"எத்தன தடவ?"

"அதிகமில்ல. பயம் வர்றப்ப மட்டும்."

இந்த மனுஷனுக்கு எப்பதான் பயம் வரல? காவல் காக்கத் தெரியுது, சும்மா இருக்கத் தெரியல — அவர் குப்பியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்ததைப் பார்த்த பிறகு திட்ட மனம் வரவில்லை. கொஞ்சம் திட்டினேன்.

மருந்து இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. டாக்டரிடம் ஃபோனில் கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 9

குப்பியை மூடிய டப்பாவில் வைத்தேன். நடுத் தட்டு, பின்சுவரில் படாமல். மேலே 'தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். மாலையில் பார்த்தால், அவரே பேனா எடுத்து 'தொடாதீங்க' என்று திருத்தியிருக்கிறார்.

பிப்ரவரி 14

கடைசி ஊசி வரை தண்ணீராகவே இருந்தது.

ஜூலை 20

உள்ளே அசைகிறது. சொன்னதும் கணவர் ஓடி வந்தார். வந்தவர் ஓரடி தள்ளியே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து இந்த வீட்டில் எதையும் கேட்காமல் தொடுவதில்லை அவர்.

"தொட்டுப் பாருங்க" என்றேன். "குலுக்காதீங்க."