கொசுவர்த்திக்கு வந்த வாழ்வு

சேலையூர்
12.11.1973

அன்பு மகன் வில்பிரட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் சுகம், கொசுக்களும் சுகம். பிலாய்க் குளிரில் நீயும் ஜெயசீலியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு ரயில் டிக்கெட் எடுக்காதே. போன மாதம் அப்பா கொசுவர்த்திக் கொட்டகையைப் பூட்டிவிட்டு, உன்னோடு வந்துவிடுகிறோம் என்று எழுதினாரே, அது மனம் விட்டுப்போய் எழுதியது. ரிடையர் ஆன கெமிஸ்ட்ரி வாத்தியார் செய்த சரக்கை ஒருவரும் வாங்கவில்லை என்றால் எப்படி இருக்கும், சர்ச்சுக்குக்கூடப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். புகை நாறக்கூடாது என்று சாம்பிராணியை அள்ளிக் கலந்தவர் அவர்தான். சாம்பிராணி நம் சபைக்கு ஆகாது, நம் வீட்டில் என்றைக்காவது போட்டிருந்தால்தானே அளவு தெரியும். பாஸ்டர் அம்மா ஒன்றைக் கொளுத்திப் பார்த்துவிட்டு, எங்க வீட்ல இந்த வாசனை வந்தா சபையில என்ன பேசுவாங்க என்று திருப்பி அனுப்பினார். கத்தோலிக்கரான சவுரிமுத்துவோ, கொசு நிம்மதியா உக்காந்து பூசை பாக்குது சார் என்றார். அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

போன வியாழக்கிழமை எல்லாம் மாறிவிட்டது. தாம்பரம் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அயூப் பாயிடம் விற்காத பெட்டிகள் கிடந்தன. வியாழன் மாலை சாம்பிராணி போடுவது அவர்கள் வழக்கம், மழையில் கரி நனைந்து நெருப்பே பிடிக்கவில்லையாம். அவர் மனைவி பரிதா நம் வர்த்தியை எடுத்து ஒரே தீக்குச்சியில் கொளுத்திவிட்டாள். அந்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து, எங்கே வாங்கினது என்று கேட்டிருக்கிறார்கள். காலையிலேயே அயூப் பாய் சைக்கிளில் வந்து நின்றார். சார், அந்த வேப்பிலைத் தூளை வுட்டுடுங்க, அட்டையில கீற கொசு படத்தையும் எடுத்துடுங்க, கரி வேணாத சாம்பிராணின்னு குடுங்க, கேளம்பாக்கம் வரைக்கும் நான் வித்துத் தரேன் என்றார். அப்பா முறைத்தார், நான் கொசுவுக்குச் செய்தேன் என்றார், காபியை ஆறவிட்டார், பிறகு கொட்டகைச் சாவி எங்கே ரத்தினம் என்று கேட்டார். வில்பிரட், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபிக்காதே, இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமே இல்லை, அவர் முகத்துக்காகத்தான் தலையாட்டினேன். இப்போது பாட்டுப் பாடிக்கொண்டே சாம்பிராணி இடிக்கிறார். சபை மூப்பரான நீங்கள் சாம்பிராணி செய்யலாமா என்று யாராவது கேட்டால், ஞானிகள் பாலகன் இயேசுவுக்குத் தூபவர்க்கம் கொண்டுவரவில்லையா என்று கேட்கப்போகிறாராம்.

ஜெயசீலியை வெந்நீரில் குளிக்கச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. கிறிஸ்துமஸுக்கு நீங்கள்தான் இங்கே வரவேண்டும். வரும்போது மறக்காமல் நல்ல கொசுவலை ஒன்று வாங்கி வா, அப்பாதான் எழுதச் சொன்னார்.

உன் பிரியமுள்ள அம்மா,
எ. ரத்தினபாய்